ஆமோசு உட்கார்ந்த ஐஸ்

அக்னி நட்சத்திரத்தின் நாலாம் நாள், தார் உருகிச் செருப்பைப் பிடித்து இழுக்கிற உச்சி வெயிலில், சங்குக்குப்பத்துக்குப் பின்னாலிருக்கும் பழைய ஐஸ் கிடங்கின் சுவரோரம் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தவர்கள், இரண்டு ஆள் ஆழத்திலிருந்து ஒரு ஐஸ் கட்டியை எடுத்துத் தெருவில் வைத்தார்கள். கிடங்கு வெள்ளைக்காரன் காலத்தது; அமெரிக்காவின் குளங்களில் வெட்டிய ஐஸைக் கப்பலில் கொண்டுவந்து துரைமார்களின் கோப்பைகளில் போடுவதற்காகக் கட்டியது. துரைமார்கள் போய், அவர்கள் கோப்பைகளும் போய், கிடங்கின் கூரையும் போன பிறகு, அந்த ஒரு கட்டி மட்டும், பாதிக் கதவு அகலமும் முழங்கால் உயரமுமாக, ஒரு சொட்டுக்கூட உருகாமல், மேலே வேர்வை மாதிரி ஈரம் மட்டும் பூத்துக்கொண்டு, மூன்று நாள் வெயிலில் கிடந்தது. தோண்டியவர்கள் முதல் நாள் அதன்மேல் தண்ணீர் பாட்டிலை வைத்துக் குளிர வைத்தார்கள், இரண்டாம் நாள் தயிர்சாதத் தூக்கை வைத்தார்கள், மூன்றாம் நாள் வழியை அடைக்கிறதென்று மேஸ்திரி எரிச்சல்பட்டான். அந்த நேரத்தில்தான் தனக்கோடி மீன்பாடி வண்டியை மிதித்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள்.

தனக்கோடிக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பத்தோரு வருஷமாகக் கடற்கரைச் சாலையில், வேப்பமரத்துக்கு எதிரே, ஒரே இடத்தில் பலகை போட்டு மீன் விற்கிறவள். புருஷன் கடலுக்குப் போனவன் கடலோடு போய்விட்டான், மகள் கட்டிக்கொடுத்த ஊரோடு போய்விட்டாள், அந்த ஆறடி இடம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. அந்த இடத்தில்தான் அவள் சோறு தின்றாள், செய்தித்தாள் படிக்கச் சொல்லிக் கேட்டாள், செத்தவர்களுக்கு அழுதாள். கோபம் அவளுக்குக் காலையில் பல் தேய்க்கிற மாதிரி அன்றாடக் காரியம். ஐஸ் கம்பெனிக்காரனிடம் ஆரம்பித்து, வண்டிக்குள்ளிருந்தே கண்ணாடியை அரை அங்குலம் இறக்கி விலை கேட்கிறவர்கள் வரைக்கும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் அந்தச் சாலையில் கிடையாது.

"இத நான் எட்த்துனு போவட்டா?" என்றாள்.

"உருக மாட்டேங்குதுக்கா. பேய் ஐஸ்," என்றான் மேஸ்திரி.

"உருகாத ஐஸுக்கு இன்னாடா பேயி? பத்து மணிக்கெல்லாம் தண்ணியாப் பூடற ஐஸ விக்கிறானே, அவன்தான் பேயி. ஒரு கை புடி."

அவனுக்கு நாலு சங்கரா மீனைக் கொடுத்துவிட்டுக் கொண்டுவந்துவிட்டாள். பலகைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துச் சாக்கைப் போட்டுத் துடைத்தபோதுதான் தெரிந்தது, கட்டியின் மேல்பக்கத்தில், நட்ட நடுவில், ஒரு மனுஷன் ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுந்த மாதிரி இரண்டு பள்ளங்கள் இருந்தன. எவனோ குந்தின இடம் என்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தனக்கோடி ஒரு பள்ளத்தில் வஞ்சிரத்தையும் இன்னொன்றில் வவ்வால் மீனையும் வைத்தாள். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்துகொண்டன.

மறுநாளே சண்டை வந்துவிட்டது. முப்பது பலகைக்காரிகளுக்கு நடுவில் ஒருத்திக்கு மட்டும் உருகாத ஐஸ் இருந்தால் சண்டை வராமல் என்ன செய்யும். பஞ்சாயத்து கூடியது. சங்குக்குப்பத்தில் எல்லாப் பங்குக்கும் ஒரே சட்டம்தான், அது ஊரே கூடிக் கயிறு பிடித்து இழுக்கிற கரைவலையின் சட்டம்: கயிற்றில் கை வைத்தவனுக்குப் பங்கு உண்டு, அவன் வழிப்போக்கனானாலும் சரி, நேற்று வரை விரோதியானாலும் சரி, கரையில் நின்று வேடிக்கை பார்த்தவனுக்கு, அவன் தலைவரின் மச்சானே ஆனாலும், ஒரு சென்னாங்குனி இறால்கூடக் கிடையாது. ஆகவே தனக்கோடி, "வெயில் திரும்பச் சொல்ல இந்தக் கட்டிய நெழலுக்குத் தள்ளணும். தள்றவ எல்லாம் பங்கு," என்று சொல்லிவிட்டாள். மறுநாள் மதியம் முப்பது பெண்களும் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து ஐஸில் கை வைத்தார்கள். விற்காமல் மிஞ்சிய மீன்கள் முறை வைத்து அந்தப் பள்ளத்தில் இளைப்பாறின. அதற்குப் பிறகு சங்குக்குப்பத்தில் ஒரு மீனும் கெட்டுப்போகவில்லை.

வேறு ஒன்று நடக்க ஆரம்பித்தது. முதலில் ஏட்டு பலராமனுக்கு. பலராமன் தினமும் சாயங்காலம் வந்து, காசு என்கிற பேச்சே இல்லாமல், நல்ல மீனாகப் பார்த்துப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர். பதினெட்டு வருஷப் பழக்கம். ஐஸ் பள்ளத்தில் கிடந்த கொடுவாவை வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிட்டார். மறுநாள், பேருந்து நிறுத்தத்தில் இட்லி விற்கிற அம்மாவின் அடுப்பை உதைத்துத் தள்ளச் சொல்லி இன்ஸ்பெக்டர் உத்தரவிட்டபோது, பலராமன் காலைத் தூக்கினார், கால் பாதியில் நின்றது, வாய் தானாகத் திறந்து, "முடியாது சார்," என்றது. அவரே பயந்து வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தின கைக்குள்ளிருந்தும் அதே வார்த்தைதான் வந்தது.

பிறகு ஒரு பத்திரப்பதிவு குமாஸ்தா, செத்தவன் கையெழுத்துப் போட்ட பத்திரத்தில் முத்திரை குத்த முடியாது என்றார். பிறகு ஒரு கல்யாணப் பெண், காப்பித் தட்டை மாப்பிள்ளை வீட்டார் முன் வைத்துவிட்டு, நிதானமாக, யாரையும் திட்டாமல், முடியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தாள். பிறகு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பீஸ் கட்டாத பிள்ளைகளை வெயிலில் நிறுத்த முடியாது என்றார், ஒரு பெரிய வீட்டு டிரைவர் முதலாளி மகன் இடித்துக் கொன்ற கேஸைத் தன் தலையில் ஏற்றுக்கொள்ள முடியாது என்றார், இருபது வருஷமாக மாமியாரின் காலை அமுக்கிவிட்ட ஒருத்தி ஒரு காலோடு நிறுத்திக்கொண்டாள். மனசுக்குள் ஏற்கெனவே இருந்த முடியாதுதான் வாய்க்கு வந்ததே தவிர, இல்லாத ஒன்றையும் அந்த மீன் புதிதாகக் கொண்டுவரவில்லை. நியாயமென்று பட்டதை எல்லாரும் எப்போதும்போலச் செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

ஊர் இதைப் பார்த்து வாய் பிளக்கவில்லை. வெயில் காலத்தில் அம்மை வருகிற மாதிரி இது ஒன்று என்று எடுத்துக்கொண்டது. மருத்துவர்கள் அதற்கு முடியாது காய்ச்சல் என்று பெயர் வைத்து மாத்திரை எழுதினார்கள். வேலைக்கு நேர்முகம் வைத்தவர்கள் படிப்பைக் கேட்பதற்கு முன் மீன் சாப்பிடுவீர்களா என்று கேட்டார்கள். ஜாதகத்தோடு பெண் வீட்டார் எங்கே மீன் வாங்குகிறார்கள் என்பதையும் விசாரித்தார்கள். பெரிய ஆபீஸ்களில் கேன்டீனில் மீன் நாளை ரத்து செய்து, அன்றைக்குப் பனீர் போட்டார்கள். அநியாயம் நடக்கிறதே, அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வோமே என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை; மீனைக் குறைத்துக்கொண்டார்கள். இந்த ஊர் அப்படித்தான், நெருப்பு எரிகிறதென்றால் புகைக்கு ஜன்னல் சாத்துகிற ஊர்.

குப்பத்திலும் எல்லாரும் மாறினார்கள். மங்காத்தா வட்டிக்காரனைப் பார்த்து முடியாது என்றாள், பவுனு குடித்துவிட்டு வந்த புருஷனைப் பார்த்து முடியாது என்றாள். தனக்கோடியிடம் மட்டும் எந்த மாற்றமும் தெரியவில்லை. அவள் பிறந்ததிலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் பேராசிரியர் நடனசபாபதி அந்தக் கட்டியைப் பார்த்தார். சாலைக்கு எதிர்ப்பக்கம், பதினாறு மாடியில், கடலைப் பார்த்த பால்கனிகளோடு ஒரு அடுக்ககம் இருக்கிறது. அங்கே ஏமஸ் கார்வெல் அதிகாலை நடையர் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு அவர்தான் தலைவர். ஏமஸ் கார்வெல் என்பவர் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன அமெரிக்கத் தத்துவக்காரர். உடைந்த படகின் பலகைகளால் குடிசை கட்டிக்கொண்டு ஒரு தவளைக்குளத்தின் கரையில் ஏழு வருஷம் தனியாக வாழ்ந்து, கல்லில் கயிறு கட்டிக் குளத்தின் ஆழத்தை அளந்து, எந்தப் பூ எந்தத் தேதியில் பூக்கும் என்று எழுதி வைத்து, மனுஷனுக்குத் தேவை ரொம்பக் கொஞ்சம் என்று புத்தகம் போட்டவர். உயிரோடிருந்தபோது அவர் ஊர்க்காரர்கள் சோம்பேறி என்றார்கள். செத்த பிறகு காப்பிக் குவளையில் அவர் தாடியை அச்சடித்தார்கள். அந்தப் புத்தகத்தை 'தவளைக்குளத்து நாட்கள்' என்று தமிழில் கொண்டுவந்தவர் நடனசபாபதி. விருதுகூட வாங்கியிருக்கிறார். சங்கத்தார் அதைப் படித்துவிட்டு, இயற்கையைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்து, தங்கள் இயற்கை எங்கே இருக்கிறது என்று பால்கனியிலிருந்து குனிந்து பார்த்தார்கள். சூரிய உதயத்துக்கும் அவர்களுக்கும் நடுவில் முப்பது மீன் பலகைகள் இருந்தன.

ஐஸ் கிடைப்பதற்கு ரொம்ப நாள் முன்பே மனு எழுதினார்கள். நாற்றம் என்று எழுதவில்லை, படித்தவர்கள் அல்லவா. கடற்கரைச் சூழலின் அமைதி என்று எழுதினார்கள். எட்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. ஆனி முதல் திங்கட்கிழமைக்குள் பலகைகளை எடுக்க வேண்டும். எல்லாரும் நாலு மைல் தள்ளி, கடலே தெரியாத ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் போய் மீன் விற்க வேண்டும். இரண்டாவது மாடி. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு படியேறி மீன் விற்பதை எந்த ஆபீஸில் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் யோசித்தானோ, அவன் தன் ஆயுளில் ஒரு கூடையைத் தூக்கியிருக்க மாட்டான்.

உத்தரவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நடை முடிந்து மூக்கில் கைக்குட்டையோடு போய்க்கொண்டிருந்த பேராசிரியர், ஐஸின் பள்ளங்களைப் பார்த்து நின்றுவிட்டார். கைக்குட்டை கீழே விழுந்தது.

"இது... இது எங்கேர்ந்து கிடைச்சதும்மா?"

"மீன் வேணும்னா கேளு சார். ஐஸு விக்கிறதுக்கில்ல."

"இதுல உக்காந்தது யார்னு தெரியுமா உங்களுக்கு?"

"பெரிய ஆளுதான்னு அளவப் பாத்தாலே தெரீது," என்றாள் தனக்கோடி. பக்கத்துப் பலகை மங்காத்தா குலுங்கினாள்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கியிருந்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. கார்வெலைப் பற்றி, குளத்தைப் பற்றி, படகுப் பலகைக் குடிசையைப் பற்றி எல்லாம் சொன்னார். தனக்கோடி ஒரு பாறை மீனைச் செதில் எடுத்துக்கொண்டே கேட்டாள். அவள் வாய்க்கு அந்தப் பெயர் ஆமோசு என்று வந்தது.

"ஏழு வருசம் கொளத்தாண்ட இருந்தாரே, துன்றதுக்கு இன்னா பண்ணாரு?"

"அவரைக்காய் பயிர் பண்ணார். மீன் பிடிச்சார்."

"மீனு புட்ச்சாரா! அப்ப அந்தக் கொட்சையில நாத்தம் அட்ச்சிருக்குமே?"

பேராசிரியர் கீழே கிடந்த கைக்குட்டையைப் பார்த்தார்.

"செரி, ஐஸு மேல ஏன் குந்துனாரு?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "அது... ஒரு குளிர் காலத்துல, அந்தக் குளத்தை ஊர்க்காரங்க ஐஸ் கம்பெனிக்கு வித்துட்டாங்க. வெட்டி மெட்ராஸுக்கு அனுப்ப ஆட்கள் வந்தாங்க. எல்லாருக்கும் பொதுவான குளத்தை விக்க நீ யாருன்னு கேட்டுட்டு இவர் நடுக்குளத்துல போய் உக்காந்துட்டார். எழுந்திருன்னாங்க. முடியாதுன்னார். ஒரு பகல், ஒரு ராத்திரி. அவங்களும் சுத்திச் சுத்தி வெட்டிக்கிட்டே வந்தாங்க. கடைசில அவர் உக்காந்திருந்த கட்டி மட்டும் மிதந்துச்சு. அப்புறம் போலீஸ் வந்து தூக்கிட்டுப் போச்சு, அவர் உக்காந்த பள்ளத்தோட அந்தக் கட்டியையும் கப்பல்ல ஏத்திட்டாங்க. ஜெயில்ல நெஞ்சுல சளி கட்டி, நாப்பத்தோரு வயசுல போய்ட்டார்."

தனக்கோடி கத்தியைக் கீழே வைத்தாள். முப்பத்தோரு வருஷத்தில் வியாபார நேரத்தில் அவள் கத்தியைக் கீழே வைத்துப் பார்த்தவர் இல்லை.

"இத்த உன் புஸ்தகத்துல எழுதிக்கிறியா சார்?"

"மூலத்துல ஒரு அத்தியாயம் இருக்கு, ஜெயில்லேர்ந்து எழுதினது. பதிமூணாவது. ரொம்பக் கோபமா எழுதியிருப்பார். பூ, பறவைன்னு அமைதியாப் போற புத்தகத்துல அது ஒட்டலை. நான் மொழிபெயர்க்கும்போது அதை விட்டுட்டேன்."

"வுட்டுட்டே," என்றாள் தனக்கோடி. "ஆளுக்கு முள்ள உருவிட்டு வெறும் சதைய வித்துருக்கே. நாங்ககூட அப்டி விக்க மாட்டோம் சார். எங்கள எழுப்ப மனு போட்டது உங்க சங்கந்தானே?"

"அது வேற விஷயம்மா," என்றார் பேராசிரியர்.

"அவுரு குந்துனதும் நாங்க குந்திக்கினுகீறதும் வேற வேறயா?"

அவர் கைக்குட்டையைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தூங்காமலிருந்தார் என்று மீன் விற்கிற நேரம் போக அந்த அடுக்ககத்தில் பெருக்கித் துடைக்கிற பவுனு வந்து சொன்னாள். மூன்றாம் நாள் அந்த மன உளைச்சலிலிருந்து அவருக்கு ஒரு வழி கிடைத்தது. படித்தவர்களின் மன உளைச்சலுக்கு எப்போதும் கிடைக்கிற வழிதான்: ஒரு விழா. ஏமஸ் கார்வெல் அமர்ந்த பனிக்கட்டி மனித குலத்தின் சொத்து, அது மீன் செதிலுக்கு நடுவில் கிடக்கக் கூடாது என்று சங்கம் இன்னொரு மனு போட்டது. முதல் மனுவுக்கு எட்டு மாதம் ஆனது, இதற்கு ஒன்றரை நாள். சனிக்கிழமை காலை வேன் வந்தது. அதில் வந்த காவலர்கள் யாரும் உள்ளூர்க்காரர்கள் இல்லை. பலகைகளை எடுக்கிற வேலைக்கென்றே கடல் பார்க்காத ஊர்களிலிருந்து பொறுக்கியெடுத்து, பதினைந்து நாள் தனியாக வைத்து, சாம்பாரும் பொரியலும் மட்டும் போட்டு வளர்த்தவர்கள். எவன் வாயிலும் முடியாது என்கிற வார்த்தை முளைக்காது என்று எழுதி வாங்கியிருந்தார்கள்.

ஐஸின்மேல் முப்பது பெண்களும் கை வைத்தார்கள். காவலர்கள் ஒவ்வொரு கையாகப் பிரித்தெடுத்தார்கள். மங்காத்தாவின் வளையல் உடைந்து மணிக்கட்டைக் கிழித்தது, ஐஸ் மேல் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது, அதோடே ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அடுக்ககத்தின் குளிரூட்டிய அரங்கில், கண்ணாடிப் பெட்டிக்குள், வெல்வெட் துணியின்மேல் ஐஸ் இருந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். அக்னி நட்சத்திரம் முழுக்க வெயிலில் கிடந்தும் ஒரு சொட்டுக்கூட உருகாத அந்தக் கட்டி, வரவேற்புரையின் முதல் வாக்கியத்தில் உருக ஆரம்பித்தது. ஏமஸ் கார்வெல் இயற்கையின் காதலர் என்றார் ஒருவர், ஒரு விரற்கடை கரைந்தது. எளிமையின் உருவம் என்றார் இன்னொருவர், ஒரு மூலை போனது. அவருடைய மௌனத்தை நாம் பின்பற்ற வேண்டும் என்று ஒரு அம்மா உருகினபோது பள்ளங்கள் இரண்டும் வழிந்து மறைந்தன. பேராசிரியர் முன்வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்; அவர் முறை வந்தபோது எழுந்து போய் அவரும் பேசினார். நன்றியுரை முடிந்து எல்லாரும் செல்பி எடுக்கத் திரும்பியபோது பெட்டிக்குள் ஈரமான வெல்வெட் துணி மட்டும் கிடந்தது. தண்ணீர் நாற்காலிகளுக்கு அடியில் ஓடி எல்லாருடைய செருப்பையும் நனைத்திருந்தது. பவுனுவைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொன்னார்கள்.

பவுனு துடைத்தாள், பிழிந்தாள், ஒரு பக்கெட் நிறையச் சேர்த்தாள், அதைத் தலையில் வைத்துக்கொண்டு நேராகக் குப்பத்துக்கு வந்து பெண்கள் நடுவில் இறக்கினாள்.

"இதுல டீ போட்டு நாளிக்கு வரவனுங்களுக்குக் குடுத்துருவோம்," என்றாள் மங்காத்தா, கட்டுப் போட்ட கையை ஆட்டிக்கொண்டு. "ஒரு மொடக்கு குட்ச்சா போதும். அத்தினி பேரும் முடியாதுன்னுட்டு வண்டி ஏறிடுவானுங்க."

எல்லாருக்கும் அது சரி என்றுதான் பட்டது. தனக்கோடி மட்டும் எழுந்து, பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய், தன் பலகைமேல் கவிழ்த்து, துடைப்பத்தால் பரபரவென்று தேய்த்துக் கழுவ ஆரம்பித்தாள். பெண்கள் அலறிவிட்டார்கள்.

"உனுக்கு பைத்தியமாடி?"

"எனுக்கா பைத்தியம்?" என்று திரும்பினாள் தனக்கோடி. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "மீன்ல இருக்குதுன்னு தெரிஞ்சதும் மீனு துன்னாதவனா பாத்துக் கூட்டியாந்தான். டீயில இருக்குதுன்னா நாளிக்கு டீ குடிக்காதவனா கூட்டியாருவான். அவன்கிட்ட ஆளுக்கா பஞ்சம்? முப்பத்தோரு வருசமா நான் முடியாது முடியாதுன்னு தொண்ட கிழியக் கத்தினேனே, அப்ப எந்த ஐஸ நக்கிட்டுக் கத்தினேன்? அந்தாளு ஆமோசு, அவுரு எந்த மீனத் துன்னுட்டுப் போய் நடுக்கொளத்துல குந்துனாரு? அவுரு குந்துனதாலதான் அது அந்த ஐஸு. இல்லாங்காட்டி அதுவும் பத்து மணிக்கு உருகுற ஐஸுதான். நாளிக்கி நான் இங்க குந்துவேன். வரவ வா. வராதவ போ."

மங்காத்தாவின் மகன் அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதியிருந்தான். அம்மா மேல் கேஸ் என்றால் அவனுக்கு வேலை கிடையாது. அவள் வெகுநேரம் அழுதுவிட்டுத் தன் பலகையைத் தானே கழற்றிக்கொண்டு போனாள். தனக்கோடி அவளை ஒன்றும் சொல்லவில்லை. அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்களை மட்டும், ஏழு தலைமுறை இழுத்துத் திட்டினாள்.

திங்கட்கிழமை விடிந்து வெயில் ஏறும்போது, முப்பது இடத்தில் பத்தொன்பது பெண்கள் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். பறித்துக்கொண்டு போக எதையும் வைக்கவில்லை; பலகை இல்லை, கூடை இல்லை, குடை இல்லை, ஐஸ் இல்லை. ஒலிபெருக்கியில் எழுந்திருக்கச் சொன்னார்கள். தனக்கோடி முடியாது என்றாள். பக்கத்தில் பவுனு, எந்த மீனும் எந்த ஐஸும் உதவிக்கு வராமல், தானே தேடி எடுத்துக் கொடுத்த மாதிரி அந்த வார்த்தையைச் சொன்னாள். அதற்குப் பிறகு அது வரிசையாகப் போனது, பத்தொன்பதாவது வாய் வரைக்கும்.

ஜேசிபி வந்தது. ஓட்டினவன் ஒன்றும் நல்லவனில்லை, கேஸ் ஆகிவிடும் என்று பயந்து, பெண்களைத் தொடாமல் சுற்றிச் சுற்றித் தோண்டினான். தார் பெயர்ந்தது, அடியிலிருந்த கருங்கல் பெயர்ந்தது. மாடியில் பால்கனி பால்கனியாக நின்று பார்த்தார்கள். நாலாவது மாடியில் பேராசிரியர் கையில் காப்பிக் குவளையோடு நின்றார். அந்தக் குவளையில் தாடி இருந்தது. கடைசியில் பத்தொன்பது துண்டு சாலையும், ஒவ்வொன்றின்மேலும் ஒரு பெண்ணுமாக, மண்ணுக்கு நடுவில் நின்றன. மதியம் அவர்களைத் தூக்கி வேனில் போட்டு, ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்து, தக்காளிச் சாதப் பொட்டலம் கொடுத்து, சாயங்காலம் பெயர் எழுதிக்கொண்டு விட்டார்கள்.

திரும்பி வந்து பார்த்தபோது, பத்தொன்பது துண்டுகளின் நடுவிலும், ஒவ்வொருத்தி உட்கார்ந்த அளவுக்கு இரண்டிரண்டு பள்ளங்கள் இருந்தன. கருங்கல்லில், தாரில், யாரும் செதுக்காமல். பவுனுவுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. தனக்கோடி தன்னுடையதில் உட்கார்ந்து பார்த்தாள், சரியாக இருந்தது.

ஒப்பந்தக்காரர் சாலையைப் புதிதாகப் போட்டார். காலையில் பள்ளங்கள் மேலே வந்திருந்தன. மறுபடி போட்டார். மறுபடி வந்தன. ஐந்தாவது தடவை ரோலர் ஓட்டினவன் இறங்கி நின்று கும்பிட்டுவிட்டுப் போனான். அவ்வளவு பள்ளமான சாலையில் கார்கள் குலுங்கின, குலுங்கியவர்கள் வேறு வழியாகப் போக ஆரம்பித்தார்கள், உத்தரவு உத்தரவாகவே இருக்கிறது, இன்றைக்கும் யாரும் ரத்து செய்யவில்லை, பெண்கள் மீன் விற்கிறார்கள். பள்ளத்தில் வைத்த மீன் கெடுவதில்லை. அதைத் தின்றவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. அது வெறும் மீன்தான். மங்காத்தா மறுநாளே வந்து நின்றபோது, தனக்கோடி பவுனுவின் பக்கமாக நகர்ந்து இடம் விட்டாள். ஐஸில் கை வைத்து ரத்தம் சிந்தினவள் என்பதால் பங்கு உண்டென்று ஒருத்தியும் ஆட்சேபிக்கவில்லை.

ஆவணி மாதத்தில் ஒரு காலை, கைக்குட்டை இல்லாமல் பேராசிரியர் வந்தார். கையில் கத்தைத் தாள்கள் இருந்தன.

"பதிமூணாம் அத்தியாயத்தை மொழிபெயர்த்துட்டேம்மா. புதுப் பதிப்புல வருது. அதை உங்களுக்குத்தான் சமர்ப்பணம் பண்ணப்போறேன். உங்க பேரு முதல் பக்கத்துல வரும்."

தனக்கோடி நெத்திலியை அளந்து இன்னொருவர் பையில் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அன்னிக்கு நீ எங்க இருந்தே சார்?"

"மேலேர்ந்து பார்த்துட்டிருந்தேன். என்னால தாங்கவே முடியலை."

"இங்க கைறு புட்ச்சவனுக்குத்தான் பங்கு. வேடிக்கை பாத்தவனுக்குக் கெடையாது. நீ எனுக்குக் குடுக்க வந்துக்கிறியா, என்கிட்டேர்ந்து வாங்க வந்துக்கிறியா?"

அவள் தன் இடத்துக்குப் பக்கத்தில், பள்ளம் விழாத, சமமான ஒரு துண்டுச் சாலையைக் கையால் தட்டிக் காட்டினாள்.

"குந்து. ஒரு நாளு. இந்த வெயில்ல, போறவன் வரவன் மூக்கப் பொத்திக்கினு போறதப் பாத்துக்கினு, சாயங்காலம் வரிக்கும் குந்து. பள்ளம் வுழுந்தா என் பேரப் போடு."

அவர் அந்த இடத்தைப் பார்த்தார். ஈரமாக இருந்தது. செதில்கள் ஒட்டியிருந்தன. பிறகு தன்னுடைய வெள்ளை நடைப் பேண்ட்டைக் குனிந்து பார்த்தார்.

"நாளைக்கு வரேம்மா," என்றார்.

எத்தனையோ ஆபீஸ் வாசலில் எத்தனையோ பேர் வாயிலிருந்து அவள் கேட்டுப் பழகின 'நாளைக்கு' அது. தனக்கோடி மீன் கழுவின தண்ணீரைச் சாலையில் வீசி ஊற்றினாள். அது பத்தொன்பது பேரின் பள்ளங்களையும் நிரப்பிக்கொண்டு அவர் நின்ற இடம் வரைக்கும் போனது, அவர் காலைத் தூக்கிக்கொண்டார்.